காசநோய்க் கிருமி குடியிருக்கும் நுண்பை

 

நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது லெக்டின்களைப் பற்றி. சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு அந்தப் பெயர். நம் செல்களுக்குள் இருக்கும் நுண்பைகளில் அவற்றுக்கு என்ன வேலை என்பதுதான் இன்றைய கேள்வி. எங்கோ தொலைதூரத்து ஆய்வகத்தின் சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்ரயில் பாதையில் சேத்துப்பட்டு, கிண்டி, சானடோரியம் என்று மூன்று நிலையங்கள் இருக்கின்றன. அந்த மூன்று இடங்களில் நடந்த வேலைகளைத் தவிர்த்துவிட்டு இந்தப் புரதங்களின் வரலாற்றை முழுமையாகச் சொல்ல முடியாது.

சானடோரியத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் ஒன்றை நடத்தியவர். 1917இல் கணித மேதை இராமானுஜன் உடல் நலிந்து அங்கே தங்கியபோது அவரைக் கவனித்தவரும் இவர்தான்.   சவுரிமுத்து ஊர் திரும்பி, பச்சைமலை அடிவாரத்தில் தாம்பரம் சானடோரியத்தை நிறுவினார். அன்று அவர் கையில் மருந்து எதுவும் கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. வட்டாரத்தில் எல்லோருக்கும் அது இன்னமும் சானடோரியம் ஆஸ்பத்திரிதான்.

காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882இலேயே ராபர்ட் காக் காட்டிவிட்டார். ஆனால் அந்தக் கிருமி உடம்புக்குள் எங்கே குடியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. அது இரத்தத்தில் மிதப்பதில்லை. நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள் காவலுக்கு இருக்கின்றன. மூச்சோடு உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கிச் செரிப்பது அவற்றின் தொழில். விழுங்கும்போது செல்லின் சவ்வு கிருமியைச் சுற்றி வளைந்து, பிதுங்கி, உள்ளே ஒரு நுண்பையாகப் பிரிந்துவிடுகிறது. அதற்கு பேகோசோம் என்று பெயர். அடுத்ததாக, அமிலமும் செரிக்கும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் வந்து அந்த நுண்பையோடு இணைய வேண்டும். இணைந்தால் கிருமி செத்தது. காசநோய்க் கிருமி விஷயத்தில் பெரும்பாலும் இந்த இணைப்பு நடப்பதில்லை. கொல்வதற்காக உண்டான நுண்பைக்குள்ளேயே அது தங்கி, உண்டு, பெருகுகிறது. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். அவர்கள் ஒவ்வொருவரின் நோயும் தொடங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள இந்தப் பைக்குள்தான்.

அந்தப் பையின் சுவருக்கு இரண்டு பக்கமும் சர்க்கரையைப் படிக்கும் புரதங்கள் இருக்கின்றன. கிருமியை உள்ளே விடுவது ஒரு பக்கத்துப் புரதம். பை கிழிந்தால் ஆபத்தை அறிவிப்பது மறுபக்கத்துப் புரதம். என் பேச்சின் கரு இதுதான்.

சர்க்கரை என்றதும் காப்பியில் போடுவது நினைவுக்கு வரும். நான் சொல்வது செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை. மேனோஸ், கேலக்டோஸ், சையாலிக் அமிலம் என்று பல வகைச் சர்க்கரைகள் ஒன்றோடொன்று கிளைத்துக் கோத்திருக்கும். ஏ வகை இரத்தத்துக்கும் பி வகை இரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு இப்படிப்பட்ட சங்கிலியின் நுனியில் உள்ள ஒற்றைச் சர்க்கரைதான். அந்த நுனியைப் படிக்கும் லெக்டின்கள் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கின்றன. கொள்ளுப் பருப்பிலிருந்து எடுக்கும் லெக்டின் ஏ வகை இரத்தத்தின் ஓர் உட்பிரிவை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும். இரத்த வங்கிகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். நிலக்கடலையில் ஒரு லெக்டின் உண்டு, பலாக்கொட்டையில் ஒன்று உண்டு. இரண்டின் முப்பரிமாண அமைப்பையும் 1990களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கண்டறிந்தது எம். விஜயனின் குழு. நிலக்கடலை லெக்டினில் நான்கு துண்டுகள் சேர்ந்திருக்கும் விதம், புரதங்களில் அதுவரை எதிர்பார்த்த சமச்சீருக்கு அடங்கவில்லை. அந்தத் துறையில் இந்தியா உலகத்துக்குச் சமமாக நின்ற வேலை அது.

நஞ்சான லெக்டின்களும் உண்டு. ஆமணக்கு விதையின் நஞ்சை 1888இல் பிரித்தெடுத்ததிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்குகிறது. தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியிலும் அதன் பங்காளியான ஒரு நஞ்சு இருக்கிறது. இந்த நஞ்சுப் புரதத்துக்கு இரண்டு பகுதிகள். ஒரு பகுதி செல்லின் மேலுள்ள கேலக்டோஸைப் பற்றிக்கொள்கிறது. செல் அதைத் தன் உணவு என்று எண்ணி நுண்பையில் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நுண்பை வழியே பின்னோக்கிப் பயணம் செய்து, புரதம் தயாராகும் இடம் வரை போய், மற்றப் பகுதி புரதத்தை உருவாக்கும் ரைபோசோமை முடக்குகிறது. சர்க்கரையைப் பிடிக்கத் தெரிந்தால் செல்லின் நுண்பைப் போக்குவரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதை ஆமணக்கு அறிந்திருக்கிறது. காசநோய்க் கிருமி இதைத் தலைகீழாகச் செய்கிறது. சர்க்கரையை அது தன் உடம்பில் அணிந்துகொண்டு வருகிறது. பிடிக்கும் கை நம்முடையது.

காசநோய்க் கிருமியின் வெளிச்சுவரில் லிபோஅரபினோமேனன் என்ற நீளமான மூலக்கூறு உண்டு. அதன் நுனிகளில் மேனோஸ் சர்க்கரைகள் வரிசையாக இருக்கின்றன. மேக்ரோபேஜின் மேற்பரப்பில் மேனோஸ் ஏற்பி என்னும் லெக்டின் இருக்கிறது. இரண்டும் பொருந்துகின்றன. இந்தப் பொருத்தத்தின் வழியே கிருமி உள்ளே போகிறது என்று 1993இல் அமெரிக்காவின் லாரி ஷ்லெசிங்கர் காட்டினார். 2005இல் அவருடைய குழு இன்னொரு முக்கியமான செய்தியைச் சொன்னது. மேனோஸ் ஏற்பி வழியாக உள்ளே போனால், உண்டாகும் நுண்பை லைசோசோமோடு சரிவர இணைவதில்லை. எந்தக் கதவு வழியாக நுழைகிறதோ அதுவே கிருமிக்குக் கிடைக்கும் அறையையும் தீர்மானிக்கிறது.

நுண்பை லைசோசோமோடு இணைவதில்லை என்பதை முதலில் கண்டவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1971இல் பிலிப் டார்சி ஹார்ட், ஜே. ஏ. ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் அதை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். லைசோசோம்களில் ஃபெரிட்டின் என்னும் இரும்புப் புரதத்தை முன்கூட்டியே நிரப்பி அடையாளமிட்டார்கள். பிறகு சுண்டெலியின் மேக்ரோபேஜ்களுக்குக் காசநோய்க் கிருமியை ஊட்டினார்கள். உயிருள்ள கிருமி இருந்த நுண்பைகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஃபெரிட்டின் வரவே இல்லை. செத்த கிருமி இருந்த பைகளுக்குள் வந்தது. டார்சி ஹார்ட்டுக்கு அப்போது வயது எழுபது தாண்டிவிட்டது. 1965 வரை அவர் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய்ப் பிரிவுக்குத் தலைவர். ஓய்வு பெற்றபின் ஆய்வக மேசைக்குத் திரும்பிச் செய்த வேலை இது. அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் அந்தப் பிரிவு சென்னைக்கு வந்தது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். மருந்து வந்துவிட்ட நிலையில், நோயாளியைச் சானடோரியத்தில் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்பது அதன் முதல் கேள்வி. நெருக்கடியான வீடுகளில், போதிய சாப்பாடு இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டிருந்த ஏழை நோயாளிகளுக்கு மருந்து மட்டும் தந்து ஓராண்டு பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே அவர்களும் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. மருத்துவ வரலாற்றில் சென்னை தந்த மிகப் பெரிய கொடை எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இனி கிண்டிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு முப்பதை எட்டும் வயது. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலு கொடுக்கும் புரதம் கொலாஜன். தோல் பதனிடுவது என்பதே கொலாஜனைக் கெடாமல் காப்பதுதான். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் ஆலையும், பல்லாவரத்துத் தோல் தொழிற்சாலைகளும், கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கையாண்ட பொருள் அது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரில் படமெடுத்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த முறுக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். மூன்று இழைகளும் சந்திக்கும் நடு அச்சில் வேறு எதற்கும் இடம் போதாது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்று அந்த முப்புரிச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கொலாஜனுக்கும் லெக்டினுக்கும் என்ன உறவு? நம் கல்லீரல் மேனோஸ் பிணைப்பு லெக்டின் என்று ஒன்றைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அதன் தலை, கிருமிகளின் மேலுள்ள மேனோஸைப் பிடிக்கிறது. நம் சொந்தச் செல்களின் சங்கிலிகள் பெரும்பாலும் சையாலிக் அமிலத்திலும் கேலக்டோஸிலும் முடிவதால் அவற்றை விட்டுவிடுகிறது. தலையைத் தாங்கும் தண்டு கொலாஜனைப் போலவே முப்புரிச் சுருள். மூன்று இழைகள் ஒரு தண்டாக முறுக்கிக்கொள்கின்றன, பல தண்டுகள் அடியில் ஒன்றாகக் கட்டுண்டு நிற்கின்றன. ஒற்றைத் தலை சர்க்கரையைப் பிடிக்கும் பிடி மிகத் தளர்வானது. பல தலைகள் ஒரே கிருமியின் மேல் ஒரே நேரத்தில் பதிந்தால்தான் பிடி விடாது. ஆகவே இந்தப் புரதத்தின் பலமெல்லாம் அந்தத் தண்டுகள் சேர்ந்து நிற்பதில் இருக்கிறது.

அடிக்கடி தொற்று வந்து வாடும் சில குழந்தைகளின் இரத்தத்தில் இந்த லெக்டின் மிகக் குறைவாக இருப்பதை 1989இல் இங்கிலாந்தில் கண்டார்கள். 1991இல் காரணமும் தெரிந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஐம்பத்து நான்காவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்திருந்தது. வேறு சிலரிடம் ஐம்பத்தேழாவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வருவதும் பின்னர் தெரிந்தது. இரண்டும் பருமனானவை, மின்னேற்றம் கொண்டவை. கிண்டியில் வரைந்த சுருளின் நடு அச்சில் அவை பொருந்தாது. மூன்று இழைகளில் ஒன்று கெட்டாலும் தண்டு முழுதும் கோணிக்கொள்வதால், தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரே ஒரு குறைப் பிரதி வந்தவருக்குக்கூட இரத்தத்தில் அளவு வெகுவாகக் குறைகிறது. இரண்டு பிரதியும் அப்படி வந்தவருக்கு அந்த லெக்டின் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

அடுத்த படியைச் சேத்துப்பட்டில் எடுத்து வைத்தார்கள். அங்குள்ள அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. செல்வராஜ், பி. ஆர். நாராயணன், ஏ. எம். ரீத்தா மூவரும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் காசநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, இந்த லெக்டினின் மரபணுவில் இரண்டு பிரதியும் குறையாக உள்ளவர்கள் நோயாளிகளிடையே கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். கங்காரு வாலில் தொடங்கிய கேள்வி, ஐந்தே நிலையங்கள் தள்ளி, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, காசநோயாளியின் இரத்தத்தில் வந்து நின்றது. இராமச்சந்திரனின் அமைப்பைக் கணக்கிலெடுக்காமல் இந்த முடிவின் காரணத்தை விளக்க முடியாது. இதை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் இந்த முடிவை அப்படியே உலகுக்கெல்லாம் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே 1999இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு, இதே குறை மரபணு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பாற்றுவது போலத் தெரிவதாகச் சொன்னது. முரண்பாடு போலத் தோன்றினாலும் அதற்குள் ஒரு தருக்கம் இருக்கிறது. லெக்டின் கிருமியைப் பிடித்து மேக்ரோபேஜிடம் ஒப்படைக்கிறது. மற்றக் கிருமிகளுக்கு அது மரண தண்டனை. மேக்ரோபேஜின் நுண்பைக்குள் போவதையே விரும்பும் காசநோய்க் கிருமிக்கு அது வரவேற்பாகவும் அமையலாம். நுரையீரலில் சுரக்கும் வேறு இரண்டு லெக்டின்களிலும் இந்த இருமுகம் தெரிகிறது. இரண்டுக்கும் கொலாஜன் தண்டு உண்டு. ஒன்று கிருமிகளை ஒன்றாகத் திரட்டி, மேக்ரோபேஜுக்குள் போவதைக் குறைக்கிறது. மற்றது உள்ளே போவதைக் கூட்டுகிறது. ஆகவே லெக்டின் நண்பனா பகைவனா என்று கேட்பதில் பயனில்லை. எந்த நுண்பைக்குள் கொண்டுபோய் விடுகிறது என்று கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போகும் வழி. இனி பையின் மறுபக்கம்.

செல்லின் சர்க்கரைச் சங்கிலிகள் எல்லாம் வெளிப்புறத்தில் மட்டுமே இருக்கும். செல்லின் உள்ளே நிறைந்திருக்கும் சைட்டோபிளாசத்தைப் பார்த்த பக்கத்தில் இந்தச் சங்கிலிகள் கிடையாது. செல்லின் மேல்சவ்வு உள்ளே மடிந்து நுண்பையாகும்போது, தலையணை உறையை உட்புறம் வெளியாகத் திருப்பியது போல, வெளியே பார்த்த சர்க்கரைகள் எல்லாம் பைக்குள் அடங்கிவிடுகின்றன. பை முழுதாக இருக்கும் வரை சைட்டோபிளாசம் அந்தச் சர்க்கரையைக் காண்பதே இல்லை. அதே சைட்டோபிளாசத்தில் கேலக்டின்கள் என்னும் லெக்டின்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. கேலக்டோஸைப் பிடிப்பவை. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லாததால் சும்மா இருக்கின்றன. நுண்பை கிழிந்தால் மட்டும் சர்க்கரைகள் வெளிப்படுகின்றன. கேலக்டின்கள் நிமிடங்களில் அங்கே குவிகின்றன.

2012இல் கேம்பிரிட்ஜில் ஃபெலிக்ஸ் ராண்டோவின் குழு சால்மொனெல்லா கிருமியை வைத்து இதை அழகாகக் காட்டியது. கிருமி தன் நுண்பையைக் கிழித்ததும் கேலக்டின் 8 அங்கே பதிகிறது. அது இன்னொரு புரதத்தை அழைக்கிறது. அந்தப் புரதம், செல் தன் பகுதிகளையே விழுங்கிச் செரிக்கும் தன்விழுங்கல் அமைப்பை வரவழைத்து, கிழிந்த பையையும் கிருமியையும் சேர்த்துப் புதிய உறையில் போர்த்தி லைசோசோமுக்கு அனுப்புகிறது. தன்விழுங்கலை ஆராய்ந்ததற்காகத்தான் 2016இல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது. நியூ மெக்சிகோவில் வோயோ டெரெடிச்சின் குழு, கேலக்டின் 3 கிழிசலைத் தைக்கும் புரதங்களை அழைக்கிறது என்றும், கேலக்டின் 8, 9 இரண்டும் செல்லின் உணவுக் கணக்கையே மாற்றி எச்சரிக்கை நிலைக்குக் கொண்டுபோகின்றன என்றும் கண்டது. கிருமி எது என்று இவை பார்ப்பதில்லை. இருக்கக் கூடாத இடத்தில் நம் சொந்தச் சர்க்கரை தெரிகிறதா என்று மட்டுமே பார்க்கின்றன. அதனால்தான் எந்தக் கிருமியாலும் வேடம் போட்டு இதை ஏமாற்ற முடிவதில்லை என்று நான் நினைக்கிறேன்.

காசநோய்க் கிருமியும் நுண்பையைக் கிழிக்கிறது. அதற்கான கருவியின் மரபணுக்கள் ஆர்.டி.1 என்னும் பகுதியில் இருக்கின்றன. இங்கே கிண்டி மறுபடியும் வருகிறது. கால்மெட், கெரான் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்க் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச் செய்து உண்டாக்கிய தடுப்பூசி பி.சி.ஜி. இந்தியாவுக்காக அதைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948 முதல் கிண்டியில் இருக்கிறது. நம்மில் பலரின் இடது தோளில் இருக்கும் தழும்பு அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பதின்மூன்று ஆண்டு வளர்ப்பில் பி.சி.ஜி. கிருமி இழந்தவற்றுள் முக்கியமானது இந்த ஆர்.டி.1 என்று 1996இல் தெரிந்தது. ஆகவே பி.சி.ஜி. தன் நுண்பையைக் கிழிப்பதில்லை, உள்ளேயே அடங்கி இருக்கிறது. தடுப்பூசி பாதுகாப்பானதாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். பை கிழியாததால் கேலக்டின்களின் எச்சரிக்கையும் எழுவதில்லை.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது. அதனால் அதைப் போடுவதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. செங்கல்பட்டில் அது ஏன் தோற்றது என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன. மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக்காரக் கிருமிகள் முன்பே உடம்பைப் பழக்கிவிட்டன என்பது அவற்றில் ஒன்று. நுண்பை கிழியாததே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நுண்பையைத் துளைக்கும் புரதம் ஒன்றை பி.சி.ஜி.க்குள் வைத்து வி.பி.எம். 1002 என்ற புதிய தடுப்பூசியைச் செய்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கையிலெடுத்தார்கள். காசநோயாளிகளின் குடும்பத்தாரிடையே அதைச் சோதிக்கும் ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் தொடங்கியது.

எச்.ஐ.வி.யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் கண்டுபிடித்தது மருத்துவர் சுனிதி சாலமனின் குழு. மற்ற மருத்துவமனைகள் கதவை அடைத்த காலத்தில், 1993 முதல் தாம்பரம் சானடோரியம் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. அந்த வார்டுகளில் பணியாற்றிய செவிலியரையும் மருத்துவரையும் இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். எச்.ஐ.வி., காசநோய் இரண்டுக்கும் ஒரே லெக்டின் பொதுவான வாயில். டி.சி.-சைன் என்னும் மேனோஸ் பிணைக்கும் புரதம் எச்.ஐ.வி.யைப் பற்றுகிறது என்று 2000இலும், காசநோய்க் கிருமியையும் பற்றுகிறது என்று 2003இலும் தெரிந்தது. நான் முன்பு சொன்ன லிபோஅரபினோமேனன் நோயாளியின் சிறுநீரிலும் வெளியேறுகிறது. சளி எடுக்க முடியாத எச்.ஐ.வி. நோயாளிக்குச் சிறுநீர்ச் சொட்டுகளை ஓர் அட்டைப் பட்டையில் விட்டு, படுக்கையருகிலேயே காசநோயைக் கண்டறிகிறார்கள். கிருமி அணிந்து வந்த சர்க்கரையே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான ஒன்று நீரிழிவு. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. மேனோஸைப் பிடிக்கும் லெக்டின்கள் குளுக்கோஸையும் தளர்வாகப் பிடிக்கும். இரத்தத்தில் குளுக்கோஸ் மிகும்போது அது லெக்டின் தலைகளில் போட்டிக்கு வந்து உட்கார்ந்து, கிருமியின் சர்க்கரையைப் பிடிக்க விடாமல் செய்கிறது என்று 2011இல் வந்த ஆய்வொன்று சோதனைக் குழாயில் காட்டியது. உடம்புக்குள்ளும் இவ்வாறுதான் நடக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்கச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

அப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கான வேலைத் திட்டம் ஒன்றை இளைய ஆய்வாளர்கள் முன் வைக்க விரும்புகிறேன். காசநோயாளியோடு ஒரே அறையில் மாதக்கணக்கில் படுத்துறங்கியும் தோல் சோதனையில் தொற்றே காட்டாத உறவினர் சிலர் எப்போதும் உண்டு. சானடோரியத்துக்கு வரும் குடும்பங்களில் அவர்களைத் தேடலாம். அவர்கள் சம்மதத்தோடு சிறிது இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை மேக்ரோபேஜ்களாக வளர்க்கலாம். நோயாளியிடமிருந்தும், நீரிழிவு உள்ள உறவினரிடமிருந்தும் அதேபோல் வளர்த்துக்கொள்ளலாம். சேத்துப்பட்டின் உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் அவற்றுக்குக் காசநோய்க் கிருமியை ஊட்டி, கேலக்டின் 3, 8, 9 மூன்றுக்கும் ஒளிரும் சாயம் கொடுத்து, முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை நுண்பைகள் கிழிந்தன, எத்தனை தைக்கப்பட்டன, எத்தனை லைசோசோமைச் சென்றடைந்தன என்று எண்ணலாம். அதே இரத்தத்தில் மேனோஸ் பிணைப்பு லெக்டினின் அளவையும், ஐம்பத்து நான்காவது, ஐம்பத்தேழாவது இடத்து எழுத்துகளையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். 2021இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், மேக்ரோபேஜ்களிலிருந்து கேலக்டின் 8ஐ மட்டும் நீக்கியபோது பெரிய மாற்றம் தெரியவில்லை, ஆனால் கூடுதலாகச் சுரக்கச் செய்தபோது காசநோய்க் கிருமி நன்றாகக் கட்டுப்பட்டது. தொற்றாமல் தப்பியவர்களின் செல்களில் அந்தக் கூடுதல் இயல்பாகவே இருக்கிறதா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மூன்று நிலையங்களிலும் உள்ளவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, முதல் இரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டினால் வேலை தொடங்கிவிடும்.